ஏழாம் நம்பர் இறங்கவில்லை

ஜூன் 2, திங்கள்

ஒருவழியாக எல்லா விமானங்களுக்கும் புத்தி வந்துவிட்டது. ஏழாம் நம்பரைத் தவிர.

என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன். பெரியத்தான் வீட்டில் கேட்டால், "அவ கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கா" என்பார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கோவில்பட்டியிலிருந்து கரிசல் காட்டுக்குள் வண்டியில் கொஞ்ச தூரம் போனால் ஒரு பழைய ஓடுதளம் இருக்கிறது. அதில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி. பள்ளியில் ஒரு சிமுலேட்டர் அறை. பிள்ளைகள் அதில் இருக்கும் பொம்மை காக்பிட்டில் உட்கார்ந்தால் சுற்றிலும் திரையில் எங்கள் ரன்வேயும் காற்றாலைகளும் வெயிலும் அப்படியே தெரியும். ஆனால் வானத்தில் தான் மட்டும் பறந்து பழகிய பிள்ளை ராஜா மாதிரி பறக்கும், நிஜ வானத்தில் எதிரே ஒருவன் வந்தால் தடுமாறும். அதனால் அந்தத் திரை வானத்தில் கம்ப்யூட்டரே ஓட்டுகிற எட்டு விமானங்களை விட்டிருக்கிறோம். அவை ஏறும், சுற்றும், இறங்கும், ரேடியோவில் பேசும். அவற்றை ஒழுங்காக நடந்துகொள்ள வைப்பது என் பொறுப்பு.

மே மாதம் முதன்முதலில் பறக்கவிட்டபோது ஒன்றுக்கும் இறங்கத் தெரியவில்லை. ரன்வேக்கு மேலே பாயசத்தில் முந்திரி மாதிரி மிதந்துகொண்டே போயின. எடையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், காற்றின் இழுப்பைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். அதிகமானால் சொத்தென்று விழும். ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக நகல் எடுத்து, நகலில்தான் எண்களைத் திருத்த வேண்டும். நகல் எடுக்காமல் கை வைத்தால் வேறு எங்கே என்ன கெடும் என்று யாருக்கும் தெரியாது. இந்தத் தொழிலில் இதுதான் முதல் பாடம். என்னோடு வேலை பார்க்கும் பீர் அண்ணனிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலிக்கிறது.

தலைமைப் பயிற்சியாளர் பெர்னார்டு சார் எட்டிப் பார்த்தார். "நம்மகிட்ட நிஜத்துலயே ஏழாம் நம்பர் இல்லையேம்மா. எதுக்கு அதோட மல்லுக்கட்டுதீங்க? எடுத்துப் போட்டுருங்க."

பார்க்கிறேன் சார் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

தண்ணீர் வரவில்லை. லாரிக்காரனோடு சண்டை. ஜெயித்தேன்.

விமானங்கள் ரேடியோவில் பேசுகிற குரலைப் பற்றி எழுதி வைக்கிறேன். வாங்கும்போது கூடவே வந்த வெளிநாட்டுக் குரல் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. "நம்மூரு வாயி சொன்னாத்தான் நம்மூரு காதுல ஏறும்" என்று இங்கே பறக்கச் சொல்லிக் கொடுத்த என் வீட்டுக்காரர்தான் போன வருஷம் சித்திரையில் பேசிக் கொடுத்தார். ஸ்டோர் ரூமில் போர்வைகளைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அவர் பேசினார், நான் பொத்தானை அமுக்கினேன். இறங்க வருகிறேன், ரன்வேயை விட்டு வெளியேறிவிட்டேன், இறங்காமல் இன்னொரு சுற்றுப் போகிறேன், இப்படி எல்லா வாசகமும். எட்டு விமானமும் ஒரே ஆள் மாதிரி பேசக் கூடாது என்பதால் குரலைக் கொஞ்சம் தடிமனாக்கியும் மெலிதாக்கியும் வெட்டியும் ஒட்டியும் ஏழு குரல்கள் செய்தேன். ஏழாம் நம்பருக்கு மட்டும் பதிவு செய்ததை அப்படியே போட்டுவிட்டேன். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. சோம்பல்.

குரலை மாற்றிவிடலாமா என்று பெர்னார்டு சார் ஒருமுறை கேட்டார். உலகுதான் வேண்டாம் என்றாள். "எங்கப்பா குரல்தான சார், இருக்கட்டும்" என்றாள். உலகம்மை என் மகள். இந்தப் பள்ளியில்தான் பறக்கப் படிக்கிறாள். அடுத்த மாதம் முதல்முறையாகத் தனியாகப் பறக்கப் போகிறாள்.

அவள் இதில் சேரும்போது ஊரே என்னைத் திட்டியது. நான் சரி என்றதற்குக் காரணம், அவள் முக்கால்வாசி பழகப் போவது என்னுடைய வானத்தில். என் வானத்தில் யாருக்கும் எதுவும் ஆகாது.

ஜூன் 9, திங்கள்

கேஸ் தீர்ந்துவிட்டது. ஏழாம் நம்பர் இறங்கவில்லை. எடையைச் சரிசெய்தேன்.

ஜூன் 12, வியாழன்

இப்போதெல்லாம் விடிந்ததும் போய்விடுகிறேன். வீட்டில் இரண்டு பேருக்குச் சமைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆள் வருவதற்கு முன்னால் ஏழாம் நம்பரை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். பார்த்தால்தானே குறை தெரியும். காற்றாலைகளுக்கு மேலே திரும்பி, மூக்கை ரன்வேக்கு நேராக வைத்து, அழகாகத் தாழ்ந்து வருகிறது. வெள்ளைக் கோடுகளைத் தாண்டுகிறது. தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம் இருக்கும். அப்படியே மிதக்கிறது. நடு ரன்வே வந்ததும், "கோயிங் அரவுண்ட்" என்கிறார், இன்னொரு சுற்றுப் போகிறேன் என்று. ஒரு பதற்றம் கிடையாது. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற மாதிரி சொல்கிறார். பிறகு ஏறி, இடது பக்கம் திரும்பி, மறுபடி காற்றாலைகளுக்கு மேலே வருகிறது.

பீர் அண்ணன் வந்து விளக்கைப் போட்டபோதுதான் இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

ஜூன் 16, திங்கள்

பெரியத்தான், அவருடைய அண்ணன், போன் செய்தார். "வருசம் திரும்பப் போகுதேம்மா. பாபநாசத்துல ஐயர்ட்ட சொல்லி வைக்கணும். நீயும் பிள்ளயும் எப்ப வாரீய?"

வேலை இருக்கிறது அத்தான், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர், "வேல எப்பவும் இருக்கத்தான் செய்யும்" என்று வைத்துவிட்டார். எதற்கு இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஜூன் 18, புதன்

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை. உலகு ஏதோ யோசனையில் சட்னியைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"எம்மா, சிமுலேட்டர்ல ரன்வே ஒட்டவே மாட்டேங்கு. மிதந்துக்கிட்டே போகுது. மூக்கை அமுக்குனாத்தான் உக்காருது."

"நீ வேகமா வந்திருப்ப."

"இல்லம்மா. வேகமெல்லாம் சரியாத்தான் இருக்கு. எல்லாருமே அமுக்கித்தான் இறக்குதோம்."

"அப்ப எல்லாரும் வேகமா வாரீய. தோசை ஆறுது, தின்னுட்டி."

பிள்ளைகள் உட்காரும் காக்பிட் விமானத்தை நான் தொட்டதே இல்லை. ஓர் எண்ணைக்கூட மாற்றியதில்லை. அது அவரே நிஜ விமானத்தை ஓட்டி ஓட்டி அளந்து கொடுத்த கணக்கு. அதில் குறை சொல்ல இவர்கள் யார்? இன்னொரு தோசை போட்டேன். வேண்டாம் என்று எழுந்துவிட்டாள்.

ஜூன் 21, சனி

பீர் அண்ணன் டீயோடு வந்து நின்றார். அவர் நின்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"தங்கச்சி, ஏழாம் நம்பரு எடை முந்தாநேத்து ஒண்ணு இருந்துச்சு. இன்னைக்குப் பாத்தா அதவிடக் கொறைச்சலா இருக்கு. அது தானாக் கொறையுமா?"

"சாப்ட்வேர்ல சில சமயம் அப்படி ஆகும் அண்ணே."

"மத்த ஏழுக்கும் ஆவலியே."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷனுக்கு நல்ல கண். "காலையில நீங்கதான மொதல்ல வாரீக" என்றார். ஆமாம் என்றேன். டீயை வைத்துவிட்டு, "எடையக் கொறைச்சா மிதக்கத்தான் செய்யும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். டீயில் சர்க்கரை இல்லை. எரிச்சலாக வந்தது.

ஜூன் 24, செவ்வாய்

விசாரணை அறிக்கையை அலமாரியிலிருந்து எடுத்தேன். பூச்சி அரிக்கிறதா என்று பார்க்கத்தான்.

ஏழாம் நம்பர் அவர் விமானம். பள்ளிக்குச் சொந்தமானதுதான், ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். போன ஆனியில் ரிப்பேர் முடிந்து வந்த அன்று, சோதித்துப் பார்க்கத் தனியாக எடுத்துக்கொண்டு போனார். காற்று அடித்த நாள். இறங்கும்போது விமானம் மிதந்து பாதி ரன்வேயைத் தாண்டிவிட்டது. மூக்கை அழுத்திக் கட்டாயமாக இறக்கப் பார்த்திருக்கிறார். ரன்வே முடிந்து ஓடை. கேப்டன் ஆவுடையப்பன் என்று பெயரை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

எத்தனை பிள்ளைகளுக்கு அவர் இதைச் சொல்லிக் கொடுத்தார். "மிதந்தா அமுக்காதல. மேல ஏறிரு. இன்னொரு சுத்து வா. ரன்வே என்ன ஓடியா போயிரும்?" வீட்டில் இட்லி மாவு புளித்தால்கூட இதைத்தான் சொல்வார், இன்னொரு சுற்று வா என்று. அப்படிப்பட்டவர் அன்றைக்கு மட்டும் ஏன் ஒரு சுற்றுப் போகவில்லை? எத்தனையோ பேர் துக்கம் கேட்க வந்தார்கள், இதற்குப் பதில் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது. அவர் மேல்தான் கோபம்.

என் திரையில் ஏழாம் நம்பர் ஒவ்வொரு தடவையும் அந்தச் சுற்றைப் போகிறது. பார்க்க நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூன் 28, சனி

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

மத்தியானம் பீர் அண்ணன் திரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டு விமானமும் ஓடிக்கொண்டிருந்தன. ஏழாம் நம்பர் வழக்கம்போல மிதந்து, சொல்லிவிட்டு, ஏறியது. ஆனால் இடது பக்கம் திரும்பவில்லை. நேராகக் கிழக்கே போனது. கம்ப்யூட்டர் விமானம் போட்ட கோட்டை விட்டு விலகாது. விலகத் தெரியாது. இது போனது. எங்கள் தெரு இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே போனது. சிமுலேட்டரில் அங்கே தெருவும் இல்லை, வீடும் இல்லை. வெறும் பழுப்புத் தரை. அதற்கு மேலே இடது இறக்கையை ஒருமுறை சாய்த்தது, வலது இறக்கையை ஒருமுறை சாய்த்தது, திரும்பி வந்து வரிசையில் சேர்ந்துகொண்டது.

மாடியில் துணி காயப்போடும்போது அவர் எனக்கு அப்படித்தான் காட்டிவிட்டுப் போவார். பள்ளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று நான் சத்தம் போடுவேன்.

பீர் அண்ணன் துணியைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "நீங்க எழுதி வச்சதா தங்கச்சி?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. மற்றதில் எல்லாம் அவர் என்னைச் சந்தேகப்படலாம். இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ஜூலை 1, செவ்வாய்

பெர்னார்டு சார் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"உங்க மக நல்லாப் பறக்கா. அப்பன் கை அப்படியே இருக்கு. ஆனா இறங்கும்போது கடைசி நொடியில மூக்கைக் குத்தப் பாக்கா. நான் பக்கத்துல இருந்து பிடிச்சுக்கிட்டேன். மத்த பிள்ளைகளும் இப்ப அப்படித்தான் செய்யுது, எங்கேருந்து பழகுதுன்னு தெரியல. சிமுலேட்டர்ல இன்னும் கொஞ்சம் கூடுதலா உக்காரச் சொல்லியிருக்கேன்."

நல்லது சார் என்றேன். வீட்டில் போய் உலகுவைக் காய்ச்சி எடுத்தேன். மூக்கைக் குத்தினால் முன் சக்கரம் முதலில் தரையில் அடிக்கும், விமானம் பந்து மாதிரி எகிறும், இல்லாவிட்டால் ரன்வே முடிகிற வரை ஓடும். தெரியாதா உனக்கு? யார் மகள் நீ? கத்திவிட்டு நான்தான் அழுதேன்.

ஜூலை 4, வெள்ளி

உலகு மூன்று நாளாகச் சிமுலேட்டரே கதி என்று கிடக்கிறாள். பெர்னார்டு சாரோடு நிஜ விமானத்தில் போனபோதும் சரியாக இறக்கினாளாம். "ரெண்டு ஆள் எடைக்கு விமானம் தானா உக்காந்துருது" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை தனியாகப் போகிறாள். முதல்முறை தனியாகப் போய் இறங்கி வருகிற பிள்ளையின் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவது இங்கே வழக்கம். பீர் அண்ணன்தான் ஊற்றுவார். அதற்கென்றே ஒரு சிவப்பு வாளி வைத்திருக்கிறார், வேறு எதற்கும் தொட விடமாட்டார்.

அன்றைக்கு நான் பார்க்க வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை முழுக்க உளுந்து அரைக்கப் போகிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

மாவு அரைத்தேன். உலகுவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். பெரியத்தான் மறுபடி போன். அடுத்த ஞாயிறு திதி, முடிவாகச் சொல் என்றார். இந்த வருஷம் வேண்டாமே அத்தான் என்று சொல்லும்போது உலகு கேட்டுக்கொண்டு நின்றாள். போனை வைத்ததும் என்னவோ சொன்னாள். எழுதி வைக்கிற விஷயம் இல்லை. ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பேய்க் காற்று. மாடியில் போட்ட வடாம் பாதி பக்கத்து வீட்டில் கிடக்கிறது. ஏழாம் நம்பர் இறங்கவில்லை.

ஜூலை 9, புதன்

நடந்ததை இப்போதே எழுதிவிடுகிறேன். எழுத்து எப்படி வந்தாலும் வரட்டும்.

காலையில் காற்று ஓய்ந்திருந்தது. உலகு வகுப்பு இருக்கிறது என்று சீக்கிரமே போய்விட்டாள். நான் போனபோது அறையில் பீர் அண்ணன் இல்லை. காக்பிட் இருக்கைக்குக் கீழே மிக்சர் பாக்கெட் கிடந்தது. சொல்லிப் பார்த்துவிட்டேன், தின்கிற கழுதைகள் கேட்பதில்லை. குனிந்து எடுத்தவள், அப்படியே இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாக அதில் நான் உட்காரவில்லை. அதில் உட்கார வைத்துத்தான் அவர் எனக்கு விளையாட்டாகப் பறக்கச் சொல்லிக் கொடுத்தார்.

சும்மா ஒரு சுற்றுப் போனேன். அவர் சொல்லிக் கொடுத்த வேகத்தில், அவர் சொல்லிக் கொடுத்த உயரத்தில் வந்தேன். வெள்ளைக் கோடுகளைத் தாண்டியதும் இந்த விமானம் பெருமூச்சு விட்டு உட்காரும். எனக்குத் தெரியும். உட்காரவில்லை. மிதந்தது. மிதந்துகொண்டே போனது. எனக்கு முன்னால், திரையில், ஏழாம் நம்பரும் மிதந்துகொண்டிருந்தது. "கோயிங் அரவுண்ட்" என்றார். ஏறினார். நான் ஏறவில்லை. என் கை தானாக முன்னால் தள்ளியது. மூக்கை அமுக்கினேன், சக்கரம் தரையில் உட்கார்ந்தது.

தோசையை வைத்துக்கொண்டு உலகு சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

இறங்கிப் போய் என் மேஜையில் திறந்து பார்த்தேன். மற்ற ஏழு விமானங்களுக்கு ஏழு நகல்கள் இருந்தன. ஏழாம் நம்பருக்கு நகல் இல்லை. அவர் ஏழாம் நம்பரை ஓட்டித்தான் காக்பிட்டுக்குக் கணக்குக் கொடுத்தார். அந்தக் கணக்கையே திரை வானத்து ஏழாம் நம்பருக்கும் இணைத்து வைத்திருந்தோம். இரண்டு விமானத்துக்கும் எடை ஓர் இடத்தில்தான் இருக்கிறது. மே மாதமே நகல் எடுத்திருக்க வேண்டும். அவருடையதை இன்னொன்றாக ஆக்க மனம் வரவில்லை. அங்கேயே கை வைத்தேன். நான் விடியற்காலையில் ஏழாம் நம்பரின் எடையைக் குறைத்த ஒவ்வொரு நாளும் என் பிள்ளை உட்காரும் விமானத்தின் எடையைக் குறைத்திருக்கிறேன். மிதக்கிற விமானத்தை அமுக்கி இறக்கு என்று அவள் கைக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெர்னார்டு சார் பக்கத்தில் இருக்கும்வரை நிஜ விமானத்துக்குக் கனம் இருக்கும், உட்கார்ந்துவிடும். அவள் தனியாகப் போனால் அதுவும் மிதக்கும். அவரும் அன்றைக்குத் தனியாகத்தான் போனார்.

வெள்ளிக்கிழமைதானே, இன்னும் நேரம் இருக்கிறது என்று எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியே குழாயடியில் பீர் அண்ணன் சிவப்பு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு அண்ணே?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "வெள்ளிக்கிழம மறுபடி காத்து கூடுமாம். அதான் இன்னைக்கே... ஒங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு பிள்ள சொல்லிட்டு, தங்கச்சி."

செருப்புப் போட்டேனா என்று தெரியாது. கட்டுப்பாட்டு அறை மாடியில் இருக்கிறது. பெர்னார்டு சார் கையில் மைக்கோடு கண்ணாடி பக்கத்தில் நின்றார். உலகு காற்றாலைகளுக்கு மேலே திரும்பிவிட்டாள்.

"சார், அவ மூக்கை அமுக்குவா. தனியா இருக்கா, மிதக்கும், அமுக்குவா. ஏறச் சொல்லுங்க சார். நான்தான் அப்படிப் பழக்கிட்டேன்."

"என்னம்மா சொல்லுதீங்க?"

விளக்க நேரமில்லை. விமானம் வெள்ளைக் கோடுகளைத் தாண்டிவிட்டது. மிதந்தது. என் திரையில் மிதக்கிற அதே மாதிரி, தரைக்கு மேலே ஓர் ஆள் படுக்கிற உயரத்தில் மிதந்தது. பாதி ரன்வே போய்விட்டது. மூக்கு கொஞ்சம் கீழே போனதை நான் பார்த்தேன். பெர்னார்டு சாரும் பார்த்தார், மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். பேசுவதற்கு அமுக்க வேண்டிய பொத்தானில் அவர் கட்டைவிரல் இல்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பீக்கர் கரகரத்தது. "கோயிங் அரவுண்ட்."

பதற்றம் கிடையாது. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற மாதிரி. மூக்கு நிமிர்ந்தது, என்ஜின் சத்தம் கூடியது, விமானம் ஓடைக்கு மேலே ஏறி இடது பக்கம் திரும்பியது. என் மகள் குரல் எனக்குத் தெரியும். வேறொன்றும் எழுதப் போவதில்லை.

பெர்னார்டு சார் மைக்கை மேஜையில் வைத்தார். வானத்தில் வேறு விமானம் இல்லை. மற்றதெல்லாம் எதிரே நிறுத்துமிடத்தில் கண்ணுக்குத் தெரிய நின்றன. பிறகு மைக்கை மறுபடி எடுத்து, சாதாரணக் குரலில், மூக்கை அமுக்காதே, அதுவாக உட்காரட்டும், பொறுமையாக வா என்று அவளுக்குச் சொன்னார். இரண்டாவது தடவை உலகு பூப்போல இறக்கினாள்.

பீர் அண்ணன் வாளியைக் கவிழ்த்தார். நனைந்து, பல் தந்தியடிக்க, சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். "கை அமுக்கப் போயிட்டு சார். நல்லவேளை நீங்க கோயிங் அரவுண்ட்னு சொன்னீங்க. சடார்னு ஏத்திட்டேன்."

அந்த வாசகத்தை விமானத்தில் இருப்பவர்தான் சொல்வார், அறையில் இருப்பவர் சொல்வதில்லை. இது அவளுக்கும் தெரியும், சந்தோஷத்தில் நினைவில்லை. பெர்னார்டு சார் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "நல்லாச் செஞ்சம்மா" என்றார்.

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என் சேலையும் நனைந்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

பெர்னார்டு சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்ட வேண்டியதுதான். இந்த இரண்டு மாதமும் சிமுலேட்டரில் பழகிய பிள்ளைகள் எல்லோரும் முதலிலிருந்து பழக வேண்டும், அதுவரை ஒருவரும் தனியாகப் பறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டார். என்னை என்ன செய்வது என்று நிர்வாகம் முடிவு செய்யும். போகும்போது வாசலில் நின்று, "நேத்து ஸ்பீக்கர்ல நீங்க என்ன கேட்டீங்க?" என்றார். நீங்கள் கேட்டதுதான் சார் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

உலகுவிடம் நேற்று ராத்திரியே சொல்லிவிட்டேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அப்ப நீ தெனமும் விடியமுன்ன இதுக்கா போன?" என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் சிமுலேட்டர் அறைக்குப் போனோம். முதலில் நகல் எடுத்தேன். காக்பிட்டுக்கு அவர் கொடுத்த பழைய எடையைத் திருப்பிப் போட்டேன். பிறகு நகலில், ஏழாம் நம்பருக்கும் அதே எடையைப் போட்டேன்.

இங்கே ஓர் உண்மையை எழுத வேண்டும். எட்டு விமானங்களில் முதல் நாளே சரியாக இறங்க வந்தது ஏழாம் நம்பர் ஒன்றுதான். அதில் திருத்த எதுவுமே இருக்கவில்லை. மே மாதம் அது முதல்முறையாகத் தாழ்ந்து வந்தபோது, சக்கரம் தரையில் படுவதற்கு முன்னால் நான் நிறுத்திவிட்டேன்.

"போடும்மா" என்றாள் உலகு.

காற்றாலைகளுக்கு மேலே திரும்பியது. தாழ்ந்தது. வெள்ளைக் கோடுகளைத் தாண்டியது. நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி உட்கார்ந்தது. ஓடி, வேகம் குறைந்து, ஓடைக்கு வெகுதூரம் முன்னாலேயே வலது பக்கம் திரும்பி ரன்வேயை விட்டு வெளியே போனது.

"ரன்வே வெக்கேட்டட்" என்றார்.

அன்றைக்கு ஸ்டோர் ரூமில் கடைசியாகப் பதிவு செய்த வாசகம் அதுதான். மற்ற குரல்களில் முன்னும் பின்னும் வெட்டிவிட்டேன், இதில் வெட்டவில்லை. இதுவரை அது ஒலிக்க இடமே வராததால் அதன் கடைசியில் என்ன இருக்கிறது என்று எனக்கு மறந்தே போயிருந்தது. போர்வை உரசும் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், பிறகு அவர், மைக்கை விட்டுத் தள்ளி நின்று:

"முடிஞ்சுதா புஷ்பம்? வீட்டுக்குப் போவமா?"

உலகு என் தோளைப் பிடித்தாள். நான் திரையைப் பார்த்து, "முடிஞ்சிட்டு. போவோம்" என்றேன். என் குரல் அந்த அறையில் எனக்கே புதிதாகக் கேட்டது.

ஏழாம் நம்பர் நிறுத்துமிடத்துக்கு வந்து நின்று, விளக்கை அணைத்துக்கொண்டது. மெஷினை நிறுத்திவிட்டு அறையைப் பூட்டினேன். சாவியை பீர் அண்ணனிடம் கொடுத்து, இனிமேல் காலையில் நீங்களே திறந்துகொள்ளுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து பெரியத்தானுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம் என்று சொன்னேன்.